துரும்பைத் தொடாத பெண்

பஸ் ஓட்டும் டிரைவரம்மா கண் விழிப்பதற்குள் அவளுடைய அப்பா வீட்டைப் பெருக்கி முடித்திருப்பார். அவர் இருப்பது அடுத்த தெருவில், மகன் வீட்டில். விடிந்ததும் விடியாததுமாக நடந்து வந்து, தன்னிடம் இருக்கும் சாவியால் கதவைத் திறப்பார். முதலில் ராத்திரிப் பாத்திரங்கள், பிறகு பெருக்குவது, பிறகு துடைப்பது. எழுபதைத் தாண்டிய கொத்தனார். முட்டி ஒத்துழைக்காது. குனியும்போது ஒரு முனகல், நிமிரும்போது ஒன்று. அந்த முனகலில்தான் அந்த வீட்டுக்கே பொழுது விடியும்.

"விடுங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று அவள் சொல்லாத நாள் இல்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்ட நாளும் இல்லை. அவளுடைய கணவன் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன், சாது. மாமனார் துடைப்பத்தோடு வரும்போது காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வான். அக்கம்பக்கத்தில் தன்னை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள் என்று மனைவியிடம் மட்டும் புலம்புவான். "அவர்கிட்டயே சொல்லுங்க" என்பாள் அவள். அதற்கு அவனுக்கு வாய் வராது.

இந்தக் கூத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். கைக்குழந்தையாக இருந்த தம்பியைச் சித்தி எடுத்துக்கொண்டாள். அப்பாவோ கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கே போய்த் தங்குகிறவர். சாரத்தின் அடியில் ஒரு பெண்குழந்தையை எப்படி வைத்துக்கொள்வது? அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் வந்தார். தூரத்து நகரத்தில் வசதியான வீடு, நல்ல மனிதர்கள், அவர்கள் குழந்தைக்குத் துணையாக இருக்கட்டும், கூடவே பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவார்கள் என்றார். அப்பா நம்பினார். நம்பாமல் இருக்க அப்போது அவருக்கு வேறு வழியும் இல்லை.

அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்தது ஒரு முக்காலி. பாத்திரம் கழுவும் தொட்டி எட்டவில்லை என்று அவள் ஏறி நிற்பதற்காகக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட அவள் பார்க்கவில்லை. அந்த வீட்டில் இருந்த நாலு வருஷத்தில் முதலில் அந்த முக்காலியில் நின்றாள். முக்காலி தேவைப்படாத உயரம் வளர்ந்த பிறகு தரையில் நின்றாள்.

அப்பா இரண்டு முறை பார்க்கப் போனார். பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்றார்கள் ஒரு முறை. வீட்டுக் குழந்தையோடு வெளியூர் போயிருக்கிறாள் என்றார்கள் மறுமுறை. மூன்றாம் முறை அவர் வாசல் பக்கம் போகவில்லை. பின்பக்கச் சந்தில் காத்து நின்றார். மதியம் பின்கதவு திறந்து ஒரு பிள்ளை குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தது. தலை ஒட்ட வெட்டியிருந்தது. முகத்தை வைத்து அவரால் அடையாளம் சொல்ல முடியவில்லை. இடதுகாலை உள்பக்கமாகச் சாய்த்து வைத்து நடந்தது, செத்துப்போன தன் அம்மாவைப் போல. அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். குப்பைத்தொட்டி சந்தில் உருண்டு கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவர் ஒன்றே ஒன்றை முடிவு செய்துகொண்டார். இந்தக் கை இனித் துடைப்பத்தைத் தொடக்கூடாது. தம்பியையும் கூட்டிக்கொண்டு ஒரே ஊரில் நிலையாகக் குடியேறினார். நாள் முழுக்கச் செங்கல் அடுக்கிவிட்டுத் தலையெல்லாம் சிமெண்டோடு வந்து, சோறாக்கி, பாத்திரம் கழுவி, வீட்டைப் பெருக்கி, மகளைப் படி படி என்று உட்கார வைத்தார். பதினொரு வயதில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவள் எழுத்துக்கூட்டினாள். வகுப்பில் கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தால், மறுநாள் அப்பா வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பார். யாரையும் எதுவும் சொல்ல மாட்டார். நிற்பார், அவ்வளவுதான்.

பொம்பளைப் பிள்ளையை இப்படி ஒரு வேலையும் பழக்காமல் வளர்த்தால் நாளைக்கு என்ன செய்வாள் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, "நாளைக்கு அவ பஸ் ஓட்டுவா" என்றார். அந்த அம்மாவின் வாயை அடைக்க அந்த நேரத்தில் தோன்றியதைச் சொன்னார். மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் கனரக வண்டி ஓட்டப் பழகிய நாட்களில் மைதானத்து வெயிலில் தண்ணீர்ப் புட்டியோடு நின்ற ஒரே தகப்பன் அவர்தான். "இடது பக்கம் கல்லு கிடக்கு" என்று அங்கிருந்தே கத்துவார். வண்டி பழகுவது உங்கள் பெண்ணா நீங்களா என்று சொல்லிக்கொடுப்பவர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

அவர் இல்லாவிட்டால் அவள் இல்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்ததால்தான் அந்தத் துடைப்பத்தை அவர் கையிலிருந்து பிடுங்கவும் முடியவில்லை, அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கவும் முடியவில்லை.

அவளுக்கும் ஒரு மகள் பிறந்தாள். இப்போது பதின்மூன்று வயது. அப்பா என்ன செய்தாரோ அதையே அவள் ஒரு படி மேலே போய்ச் செய்தாள். பெண்ணை ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட விடவில்லை. சாப்பிட்ட தட்டோடு எழுந்தால் பிடுங்கிக்கொள்வாள். குழாயடிக்குப் போனால், "உனக்கென்ன அங்க வேலை" என்று அதட்டுவாள். ஒருமுறை மகள் கைக்குட்டையைத் தானே துவைத்துக் காயப் போட்டதற்கு வீட்டில் ஒரு வாரம் பூகம்பம். பெண் சோம்பேறியாக வளர்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் குறை சொன்னபோது, வளரட்டுமே என்று பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது.

வழக்கமான சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பேருந்தைக் கடைத்தெரு வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட நேரம், வண்டியில் மூச்சுவிட இடமில்லை. ஊர்ந்து ஊர்ந்து போகையில் இடது பக்கம் ஒரு சைக்கிள் கடை. வாசலில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குந்தியிருந்தாள். கறுப்புத் தண்ணீர் நிறைந்த ஒரு வாளியில் டியூபை அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய பொம்பளை இடுப்பில் கைவைத்து நின்று விரலை நீட்டி என்னவோ சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டினாள்.

அது தன் மகள்தான் என்று மனசுக்கு எட்டுவதற்கு முன்பே டிரைவரம்மாவின் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கண்டக்டர் பின்னாலிருந்து என்னாச்சு என்று கேட்டான். அவள் காதில் விழவில்லை. என்ஜினைக்கூட அணைக்காமல் குதித்து இறங்கினாள்.

வாளியை எட்டி உதைத்தாள். தண்ணீர் தெருவில் ஓடியது. பச்சைப் பிள்ளையை உட்கார வைத்து வேலை வாங்குகிறாயே, உன் பிள்ளையாக இருந்தால் செய்வாயா, போலீசைக் கூப்பிடட்டுமா என்று அவள் போட்ட சத்தத்தில் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. கடைக்காரியை அந்தத் தெருவில் பஞ்சர் அக்கா என்பார்கள். யாருக்கும் பயப்படாதவள். அவளே இரண்டடி பின்வாங்கினாள். பேருந்தின் எல்லா ஜன்னல்களிலும் தலைகள். டிரைவரம்மா மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து தன் இருக்கைக்குப் பின்னால் உட்கார வைத்து வண்டியை எடுத்தாள். கடைசி நிறுத்தம் வரை மகளின் விரல்களிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் புகார் டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி நிறைய ஆட்களோடு நடுத்தெருவில் இறங்கிப் போகும் அளவுக்கு என்ன அவசரம் என்று கேட்டார். வீட்டு விஷயம் என்றாள். அவர் மெமோவை நீட்டினார். மறு உத்தரவு வரும்வரை வண்டி கிடையாது, டிப்போவில் உட்கார்ந்து தொலைபேசி எடு என்றார். நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தியும் ஒரு டிக்கெட்கூடக் கிழிக்க முடியவில்லையே அக்கா என்று கண்டக்டர் சிரிக்க வைக்கப் பார்த்தான். 

அதற்கு முந்தைய மாலையே வீட்டில் பெரிய சண்டை நடந்து முடிந்திருந்தது. சேதி காற்றைவிட வேகமாகப் போயிருந்ததால் அப்பாவும் வந்துவிட்டார். சைக்கிள் கடைக்கு எத்தனை நாளாகப் போகிறாய் என்று அவள் மகளைக் கேட்டாள். பதில் கணவனிடமிருந்து வந்தது. மூன்று மாதமாகப் போகிறாள், எனக்குத் தெரியும், நான்தான் போகச் சொன்னேன் என்றான். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு மணி நேரம், ஆசைப்பட்டுக் கேட்டாள், நல்ல இடம்தான், நானே இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன நடக்கும்னு இன்னிக்கு ஊரே பாத்துச்சு" என்றான் அவன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் தன்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள். அப்பா அவள் பக்கம் சேர்ந்துகொண்டு, அந்தக் கறுப்புக் கையைப் பார்க்கவா இத்தனை நாள் உயிரோடிருந்தேன் என்று ஆரம்பித்தார். அப்போதுதான் மகள் பேசினாள்.

"பஞ்சர் ஒட்டறது அவ்வளவு கேவலமா? பஸ் ஓட்டற உனக்கே அப்படித் தோணுதா அம்மா? உன் கௌரவத்துக்காக நான் காலம் முழுக்க பொம்மை மாதிரி உக்காந்திருக்கணுமா?"

கௌரவம் என்ற சொல்லை டிரைவரம்மா எதிர்பார்க்கவே இல்லை. இத்தனை வருஷமாக மகள் இதை இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறாள். வேலையைக் கேவலமாக நினைக்கிறவள் என்று. கையில் வேலை படாமல் ராணி மாதிரி வளர்ந்தவள் என்று. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் விட்டுவிட்டுப் பாத்திரத் தொட்டியின் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். முக்காலியைப் பற்றிச் சொன்னாள். தலையை ஒட்ட வெட்டியதைப் பற்றி. செருப்பு வைக்கும் அலமாரிக்குக் கீழே படுத்ததைப் பற்றி. வெளியே போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள் என்பதை. இரண்டு முறை வந்தும் உன்னைக் கண்ணில் காட்டவில்லை என்று, சந்திலிருந்து தூக்கிக்கொண்டு போன அன்று அப்பா சொன்னதைப் பற்றி. கணவனுக்குப் பாதி தெரியும், மீதியை இப்போதுதான் கேட்டான். 

மகள் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை.  தாத்தாவைப் பார்த்தாள்.

"தாத்தா, நீங்க ரெண்டு தடவை போனீங்கல்ல. அப்பவே ஏன் உள்ள போய்ப் பாக்கல?"

முப்பது வருஷமாக டிரைவரம்மா கேட்காத கேள்வி அது. கேட்கக்கூடாது என்று வைத்திருந்தாளா, கேட்கப் பயமா, அவளுக்கே தெரியாது. இந்தச் சிறுக்கி பஞ்சர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுபோல நேராக அமுக்கிவிட்டாள்.

அப்பா தன் முட்டியைத் தடவினார்.

"வாசல்ல உக்கார வச்சு டீ குடுத்தாங்கம்மா" என்றார். "நல்லா மரியாதையாப் பேசினாங்க. வாங்கிக் குடிச்சிட்டேன். குடிச்சப்புறம் உள்ள வரட்டுமான்னு கேக்க எனக்கு வாய் வரல. பெரிய வீடு. நான் சிமெண்டுக் காலோட நின்னேன்."

டிரைவரம்மா திரும்பினாள்.

"அந்த டீயைப் போட்டது நான்தாம்ப்பா. வெளிய யாரோ ஒரு ஆளு வந்திருக்கான், சக்கரை கம்மியாப் போடுன்னு சொன்னாங்க."

"ஆமா" என்றார் அவர். "சக்கரை கம்மியாத்தான் இருந்துச்சு."

 அவர் எழுந்து போனார். யாரும் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை முனகல் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தன்மேல் குற்றம் சொல்லிவிட்டார்களே என்று அவர் வீம்பாக இருக்கிறாரா, முகத்தைக் காட்ட வெட்கமா என்று அவளுக்குப் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் எரிச்சல்தான் வந்தது. கோபப்பட வேண்டியது நான், இவர் ஏன் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று டிப்போவில் ஓயாமல் அடிக்கும் தொலைபேசிக்கு நடுவே அவரோடு மனசுக்குள் சண்டை போட்டாள். ஒரு வாய் டீ. ஒரு கதவு. அவள் அடுப்படியில்தானே நின்றிருந்தாள். பிறகு மைதானத்து வெயிலில் தண்ணீர்ப் புட்டியோடு நின்றவரும் இவர்தான் என்று ஞாபகம் வரும். முழுசாக வெறுக்கவும் விடமாட்டேன் என்கிறாரே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வரும்.

வீடு நாறத் தொடங்கியது. பெருக்க ஆள் இல்லை. கணவனுக்குக் கடையில் இரண்டு ஷிப்ட். அவள் ஒருமுறை துடைப்பத்தை எடுத்தாள். எடுத்த கை என்னவோ வேறு யாருடைய கை மாதிரி இருந்தது. வைத்துவிட்டாள். நாலாம் நாள் மகள் எதுவும் பேசாமல் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினாள். பெருக்கத் தெரியவில்லை. தூசியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் குடி மாற்றினாள். குனிந்த அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க அம்மாவால் முடியவில்லை.  செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கால் போன போக்கில் போனவள் நின்றது சைக்கிள் கடையில். பஞ்சர் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு வளைவு எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பேசியது தப்பு என்று டிரைவரம்மா சொன்னாள். அவளுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, மெமோவுக்குப் பதில் எழுதுகிற மாதிரி இருந்தது. பெண் மறுபடி வரலாமா என்று கேட்டாள்.

"வேண்டாம்மா" என்றாள் பஞ்சர் அக்கா. "பச்சைப் பிள்ளையை வேலை வாங்கறவன்னு நீங்க கத்தினதுல இருந்து தெருவுல என்னை ஒரு மாதிரிப் பாக்கறாங்க. உங்க பிள்ளையை நான் கூப்பிடல. அதுவா வந்துச்சு. தினமும் வாசல்ல நின்னு பாக்கும். ஒருநாள் உள்ள வந்து, நான் செய்யட்டுமான்னு கேட்டுச்சு. வீட்டுல எதையும் தொட விடமாட்டாங்களாம். எனக்கு இந்த வம்பு வேண்டாம்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதனால் டிரைவரம்மாவுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. வெறுங்கையோடு வீடு திரும்பினாள். மகளிடம் சொன்னாள். மகள், தெரியும் என்றாள். தான் ஏற்கெனவே போய்க் கேட்டுவிட்டதாகவும் தனக்கும் அதே பதில்தான் கிடைத்தது என்றும் சொன்னாள். அழுத முகம். அவளுக்கென்று அவளே தேடிக்கொண்ட ஒரே இடத்தைத் தான் காலால் எட்டி உதைத்துவிட்டோம் என்று அம்மாவுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். டிப்போ விட்டதும் கடை ஓரத்தில் போய் நிற்பாள். எதுவும் பேச மாட்டாள். நிற்பாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் பஞ்சர் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. வியாபாரம் கெடுகிறது, பெண்ணை அனுப்பித் தொலையுங்கள், ஆனால் முதல் நாள் நீங்களும் கூட வந்து உட்கார்ந்து என்ன நடக்கிறதென்று உங்கள் கண்ணால் பாருங்கள் என்றாள்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவும் மகளும் போனார்கள். டிரைவரம்மாவை ஒரு கவிழ்த்த பெட்டியின்மேல் உட்கார வைத்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தது அவளுக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பஞ்சர் அக்கா ஸ்பேனரை எடு என்று சொல்லும்போதெல்லாம் இவள் பெட்டியிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். மகள் எடுத்துக் கொடுத்தாள். இது இல்லை, இதற்கு அடுத்த அளவு என்று பஞ்சர் அக்கா சொன்னால், அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று மகள் பதிலுக்குச் சொன்னாள். டிரைவரம்மா அடி விழப்போகிறது என்று தன்னையறியாமல் தோளைக் குறுக்கினாள். எதுவும் விழவில்லை. பஞ்சர் அக்கா, ரொம்பப் பேசாதே என்று முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

பாதி வேலையில் மகள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "அக்கா, திங்கக்கிழமை பரீட்சை. படிக்கணும், நான் கிளம்பறேன்."

"சரி, போ" என்றாள் பஞ்சர் அக்கா.

அவ்வளவுதான். யாரும் யாரையும் கெஞ்சவில்லை. கழற்றிய சக்கரம் தரையில் அப்படியே கிடந்தது. நாலு வருஷத்தில் ஒருநாள்கூட, நான் கிளம்புகிறேன் என்று சொல்லலாம் என்ற நினைப்பே தனக்கு வந்ததில்லை என்று டிரைவரம்மா நினைத்தாள். இது வேறு. அவளுடைய அறிவுக்கு அது புரிந்தது. உடம்புக்குப் புரிய இன்னும் நாளாகும் போலிருந்தது.

திரும்பும் வழியில் அப்பாவைப் பார்க்கப் போனார்கள். தம்பி வீட்டு மரக்கட்டிலில், திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வாங்க, சாப்பிட வாங்க, பெருக்க வேண்டாம் என்றாள் அவள். சும்மா வந்து உட்கார்ந்தால் எனக்கென்ன மரியாதை என்றார் அவர். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டீ விஷயத்தை மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மகள்தான் பஞ்சாயத்து பண்ணினாள்: பாத்திரம் தாத்தா, பெருக்குவது நான், துடைப்பது அப்பா.

"நான்?" என்றாள் டிரைவரம்மா.

"நீ பஸ் ஓட்டு."

"என்கிட்ட இப்ப பஸ்ஸே இல்லையேடி."

"வரும்" என்றார் அப்பா, அன்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்ன அதே தொனியில்.

வீட்டுக்கு வந்ததும்தான் கவனித்தாள், பெண்ணின் பள்ளிச் சட்டை முழுக்கக் கிரீஸ். வேறு சட்டை போட்டுக்கொண்டு போகத் தெரியாதா, இதை யார் துவைப்பது என்று கத்தினாள். நானே துவைக்கிறேன் என்று மகள் வாளியை எடுத்தாள். டிரைவரம்மா அதைப் பிடுங்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குளியலறை வாசலில் நின்றாள். சோப்பு போதும் என்றாள். காலரைத் தேய் என்றாள். அப்படித் தேய்த்தால் துணி கிழியும் என்றாள். மகள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

திங்கட்கிழமை அந்தக் கறையோடுதான் மகள் பரீட்சைக்குப் போனாள்.